எலுமிச்சைக்கு அப்பா யாருங்க?

கேள்வி: எங்க வீட்டு மரத்துப் பழம் பார்த்தா கமலா ஆரஞ்சு, வாயில வெச்சா எலுமிச்சைப் புளிப்பு. இதுக்கு அப்பா, அம்மா யாருங்க?
– வாசகி, உக்கடம்

பதில்: தோல் லேசாக உரிந்து, சுளையும் ஆரஞ்சு நிறமாக இருந்தால் ரங்பூர் எலுமிச்சையாக இருக்கலாமுங்க. அம்மா, மாண்டரின் என்கிற கமலா இனம். அப்பா, தடித்தோல் சிட்ரான். பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) டி.என்.ஏ. தாய்வழியில் வருவதால் அம்மா சீக்கிரம் சிக்கிவிடுவார். அப்பாவைப் பிடிக்க உட்கருவின் டி.என்.ஏ.வையும் அலச வேண்டும். மனுசன் லேசுப்பட்டவர் இல்லை! நம்ம நாட்டு எலுமிச்சைக்கும் அவர்தான் அப்பா. அங்கே அம்மா, பிலிப்பைன்ஸ் பக்கத்து மைக்ராந்தா என்கிற இனம். மஞ்சள் லெமனுக்கு அம்மா, புளிப்பு ஆரஞ்சு. அப்பா, வேறு யார்? உக்கடம் மீன் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். வறுவல் மேல் பிழியுங்க, ஜாதகம் அப்புறம் பார்க்கலாம்.