என்ன ஆச்சு ஆச்சேயில்?

உலகத்தில் எத்தனையோ சண்டை நடக்கிறது. என்றோ முடிந்துபோன ஆச்சே சண்டையைப் பற்றி இந்த வாரம் முழுக்கப் பதில் சொல்லப்போகிறீர்களாமே, ஏன்? (விருதுநகர் வாசகர்)

முடிந்துபோனது என்பதால்தான். தொடங்குகிற சண்டைக்கு நூறு பேர் விளக்கம் சொல்வார்கள். முடிந்த சண்டையை யாரும் விசாரிப்பதில்லை. 1976இல் தொடங்கி 2005 வரை, சுமத்ராவின் வட முனையில் இந்தோனேசிய ராணுவமும் ‘சுதந்திர ஆச்சே இயக்கம்’ என்கிற ‘காம்’ அமைப்பும் மோதிக்கொண்டன. செத்தவர்கள் சுமார் 15,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலோர் எந்தத் துப்பாக்கியையும் தொடாதவர்கள்.

எல்லாம் மதத்தால் வந்த வினைதானே? (சேலம் வாசகர்)

இந்தப் பக்கமும் முஸ்லிம், அந்தப் பக்கமும் முஸ்லிம். வேறு வினையைத் தேடுவோம்.

1873இல் டச்சுக்காரர்கள் ஆச்சேமீது படையெடுத்தார்கள். வந்த ஜெனரலே பந்தா ஆச்சேயின் பெரிய பள்ளிவாசல் முன்னால் சுடப்பட்டு இறந்தார். அடக்க முப்பது வருஷம் பிடித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு டச்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது, சபாங் நகரம் இருக்கும் தீவைத் தவிர ஆச்சே பக்கம் காலே வைக்கவில்லை. 1948இல் இந்தோனேசிய அதிபர் சுகர்னோ வந்து புதுக் குடியரசுக்கு விமானம் வேண்டும் என்று கேட்டார். ஆச்சே ஜனங்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 20 கிலோ தங்கம். அதில் ஒரு டகோட்டா விமானம் வந்தது.

கொடுத்ததற்குக் கைம்மாறு? ஆச்சேயின் மாகாண அந்தஸ்தைப் பறித்து வட சுமத்ராவோடு ஒட்டவைத்தார்கள். 1953இல், மாகாணத் தலைவராக இருந்த தாவூத் பெரூயேவே கலகம் செய்து காட்டுக்குள் போனார். 1959இல் ‘சிறப்புப் பிரதேசம்’ என்று பட்டம் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். பட்டம் வந்தது, அதிகாரம் வரவில்லை. 1971இல் அருண் என்ற இடத்தில் இயற்கை எரிவாயு கிடைத்தது. எடுத்தது மொபில் கம்பெனி, வாங்கியது ஜப்பான், காசு போனது ஜகார்த்தாவுக்கு. உள்ளூர்க்காரனுக்கு இரவெல்லாம் எரிகிற அந்தத் தீச்சுடர் இலவசம். தங்கம் கொடுத்த வீட்டிலேயே கன்னம் வைத்தால் கோபம் வராதா?

அந்த இயக்கத்தைத் தொடங்கியவர் யார்? (தூத்துக்குடி வாசகி)

ஹசன் தி திரோ. டச்சு யுத்தத்தில் பேர்பெற்ற சிக் தி திரோவின் வம்சம். நியூயார்க்கில் பல வருஷம் இருந்தவர், வியாபாரி. 1976 டிசம்பர் 4 அன்று காட்டுக்குள்ளிருந்து சுதந்திரப் பிரகடனம் வெளியிட்டார். 1979இல் தப்பி, பிறகு ஸ்வீடனில் குடியேறி அந்நாட்டுக் குடிமகனும் ஆனார். ஸ்டாக்ஹோமில் பனி, ஆச்சேயில் ரத்தம். ஆனால் இந்தத் தூரத்தை வெறும் கேலியாக விட்டுவிடாதீர்கள். பேச்சுவார்த்தை என்று வந்தபோது, கூப்பிட்டால் வந்து உட்கார ஒரு தலைமை வெளிநாட்டில் இருந்தது. பல இயக்கங்களுக்கு அது வாய்ப்பதில்லை.

ராணுவம் அவர்களைப் போராளிகள் என்றதா, தீவிரவாதிகள் என்றதா? (நாகர்கோவில் வாசகர்)

ரொம்ப நாள் இரண்டுமில்லை. ‘பாதுகாப்பைக் குலைக்கும் கும்பல்’ என்று ஒரு பேர் வைத்து, அதையும் மூன்றெழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். கும்பலோடு யாரும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியதில்லை அல்லவா? அந்தச் சௌகரியத்துக்காகத்தான்.

‘மோதல்’ என்று ஒரு வார்த்தையில் செய்தி முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கே என்ன நடக்கும்? (காரைக்குடியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்)

நல்ல கேள்வி, சார். எதிரெதிரே அணிவகுத்து நின்று சுடுவது சினிமாவில். ஆச்சேயில் மேடான் நெடுஞ்சாலையில் ராணுவ லாரிமீது பதுங்கியிருந்து சுடுவார்கள், மறைந்துவிடுவார்கள். லாரியில் வந்தவர்களுக்கு அகப்படுவது பக்கத்துக் கிராமம்தான். இயக்கத்துக்கு ‘நாட்டு வரி’ கொடுத்தவன் ராணுவத்துக்குக் குற்றவாளி. கொடுக்காதவன் இயக்கத்துக்குத் துரோகி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

1990 வாக்கில் தொடங்கி 1998 வரை ஆச்சே ‘ராணுவ நடவடிக்கைப் பகுதி’யாக இருந்தது. சித்திரவதை, காணாமல்போதல், பொதுக்குழிகள். அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி விழுந்த பிறகு 1998 ஆகஸ்டில் தலைமைத் தளபதி விராந்தோ நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருஷம் மே மாதத்திலேயே லோக்சூமாவே பக்கத்தில் ஒரு சாலைச் சந்திப்பில் கூடியிருந்த ஜனங்கள்மீது ராணுவம் சுட்டது.

2002 டிசம்பரில் ஜெனிவாவில் ஒரு போர்நிறுத்தம் கையெழுத்தானது. அரை வருஷம்கூட நிற்கவில்லை. 2003 மே 19 முதல் ராணுவச் சட்டம். 30,000க்கு மேற்பட்ட படையினர் வந்திறங்கினார்கள். முதல் நாட்களிலேயே நூற்றுக்கணக்கான பள்ளிக்கூடங்கள் எரிந்தன. எரித்தது யார் என்று கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். ஆச்சேக்காரர்களுக்கு மட்டும் தேசியக் கொடி நிறத்தில், சிவப்பு வெள்ளையில், தனி அடையாள அட்டை கொடுத்தார்கள். அது இல்லாமல் ராணுவச் சாவடியைத் தாண்ட முடியாது. இருந்தால் காட்டுப் பாதையில் இயக்கத்திடம் சிக்கல். நீங்கள் கேட்ட ‘மோதல்’ பாதி அந்த அட்டையை எந்தப் பையில் வைப்பது என்பதில்தான் இருந்தது.

சுனாமிதானே சமாதானம் கொண்டுவந்தது? (கடலூர் வாசகி)

கடலூர்க்காரரான நீங்கள் கேட்பதால் பார்த்துப் பதில் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆச்சேயில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனார்கள். அதற்கப்புறம் சுடுவதற்கு யாருக்கும் மனசு வரவில்லை என்பது அழகான கதை. ஆனால் அலைக்கு முன்பே, துணை அதிபர் யூசுப் கல்லா ஆள் அனுப்பித் தூது பேசிக்கொண்டிருந்தார். பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரியிடம் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. அதிபர் யுதயோனோ, 2003இல் ராணுவச் சட்டம் வந்தபோது பாதுகாப்புத் துறைகளை ஒருங்கிணைத்த அமைச்சர். போரை நடத்திப் பார்த்தவர். இயக்கமும் அந்த ஒன்றரை வருஷத்தில் நன்றாக அடிபட்டிருந்தது. கதவு ஏற்கெனவே கொஞ்சம் திறந்திருந்தது. அலை வந்து அதை இனி மூட முடியாதபடி பிய்த்தெறிந்தது.

ஹெல்சிங்கியில் ஐந்து சுற்று. இரண்டாம் சுற்றில்தான் திருப்பம். ‘சுதந்திரம்’ என்றால் ஜகார்த்தா எழுந்து போகும், ‘சிறப்புத் தன்னாட்சி’ என்றால் இயக்கம் எழுந்து போகும். ‘சுயாட்சி’ என்றொரு சொல்லை நடுவில் வைத்தார்கள், இருவரும் உட்கார்ந்தார்கள். 2005 ஆகஸ்ட் 15 அன்று கையெழுத்து.

அதே அலை இலங்கையிலும் அடித்தது. அங்கே மட்டும் ஏன் இப்படி? (ராமேஸ்வரம் வாசகர்)

கேட்காமல் இருப்பீர்களா! அங்கேயும் நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட 2005 ஜூனில் அரசும் புலிகளும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதை எதிர்த்து ஏற்கெனவே அரசிலிருந்து வெளியேறியிருந்த கூட்டணிக் கட்சி ஜேவிபி வழக்குப் போட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் முக்கியமான பகுதிகளை நிறுத்திவைத்தது. அடுத்த வருஷமே மறுபடி போர். ஆச்சேயில் இயக்கம் களைத்திருந்தது. வன்னியில் புலிகளிடம் நிலம், நீதிமன்றம், வங்கி எல்லாம் இருந்தன. ஜகார்த்தாவில் அதிபர் தன் தளபதிகளை மீறிக் கொஞ்சம் நகர முடிந்தது, கொழும்பில் சோற்றுப் பொட்டலத்தைப் பங்கிடக்கூடக் கூட்டணி தாங்கவில்லை. சொல்லை மாற்ற யாரும் தயாராக இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும்தான்.

துப்பாக்கிகளை நிஜமாகவே ஒப்படைத்தார்களா? (ஈரோடு வாசகர்)

ஒப்பந்தத்தில் 840. கொண்டுவந்தது ஆயிரத்துக்கு மேல். ஓட்டை உடைசல்களைக் கழித்துவிட்டு 840ஐ ஏற்றுக்கொண்டார்கள். ஐரோப்பிய யூனியனும் ஆசியானும் அனுப்பிய பார்வையாளர்கள் முன்னால், நான்கு தவணையில் ரம்பத்தால் அறுத்துப் போட்டார்கள். அதே தவணைகளில் ராணுவமும் வெளியேறியது. ஒரு கை கொடு, ஒரு கை வாங்கு. நம் சந்தையில் மாட்டு வியாபாரிகள் துண்டுக்கடியில் விரல் பிடிப்பார்களே, அந்த நம்பிக்கையின்மையிலிருந்து பிறந்த ஒழுங்கு.

3,000 போராளிகள் என்று கணக்குக் கொடுத்திருந்தார்கள். மறுவாழ்வுப் பணம் என்றதும் எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது!

அந்தப் போராளிகள் இப்போது என்ன செய்கிறார்கள்? (மதுரை வாசகர்)

அரசியல். வேறென்ன?

இர்வாந்தி யூசுப் என்றொருவர், கால்நடை மருத்துவர், இயக்கத்தின் பேச்சாளர். சுனாமியன்று பந்தா ஆச்சே சிறையில் இருந்தார். தண்ணீர் ஏறியபோது கூரையைப் பிய்த்துக்கொண்டு தப்பினார். 2006 தேர்தலில் ஆளுநரானார். இரண்டாம் தடவை ஆளுநராக இருந்தபோது 2018இல் ஊழல் வழக்கில் கைதாகி மறுபடி சிறை. இந்தத் தடவை கூரை கைகொடுக்கவில்லை.

லிபியாவில் பயிற்சி பெற்று வந்த தளபதி முசாகிர் மனாப், 2025 முதல் ஆச்சேயின் ஆளுநர். அவர் ஆதரித்து வந்த பிரபோவோ இப்போது நாட்டின் அதிபர். பிரபோவோ யார் என்கிறீர்களா? இந்தோனேசியச் சிறப்புப் படையின் முன்னாள் ஜெனரல்.

நமக்கும் ஆச்சேக்கும் பழைய தொடர்பு ஏதாவது? (தஞ்சாவூர் வாசகர்)

பெரியகோயில் கல்வெட்டைத் தினமும் கடந்து போகிறவர் கேட்கலாமா? 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் ஜெயித்ததாகச் சொல்லும் ஊர்களில் இலாமுரிதேசமும் ஒன்று. அது ஆச்சே என்பது ஆய்வாளர்கள் முடிவு. போன வேலை வெளியுறவு என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது.

இயக்கத்தின் கொடி என்ன ஆனது? (புதுச்சேரி வாசகி)

ஆச்சேக்குத் தனிக்கொடி உண்டு என்று ஒப்பந்தம் சொல்கிறது. இயக்கச் சின்னங்கள் கூடாது என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது. 2013இல் ஆச்சே சட்டமன்றம் கூடி, பிறை நட்சத்திரம் போட்ட இயக்கத்தின் சிவப்புக் கொடியையே மாகாணக் கொடியாக அறிவித்தது. ஜகார்த்தா ஏற்கவில்லை. வருஷாவருஷம் டிசம்பர் 4 வந்தால் யாராவது ஏற்றப் பார்ப்பார்கள், போலீஸ் இறக்கப் பார்க்கும். துப்பாக்கியை அறுத்தவர்களுக்கு இந்தத் துணியை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.