வாசல் வாரியம்

முதலாம் பராந்தகனின் 921-ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபையின் குழுவான வாரியத்தில் சேர 35-க்கு மேல் 70-க்குள் வயது, சொந்த மனை, வரி கட்டும் நிலம் எல்லாம் கேட்கிறது. அதே ஊரில் வாசலில் பைக்கை நிறுத்தி இன்ஜின் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள். எந்தத் தகுதியும் இல்லாத வாரியம் ஒன்று தானே கூடும்.

"பழைய கேஸ்கெட்டே போதும் தம்பி, பேஸ்ட்டைத் தடவிப் போடு!"

ஒருமுறை நசுங்கிய ஹெட் கேஸ்கெட் மறுபடி அழுத்தம் தாங்காது. போல்ட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கவேண்டும். "அதெல்லாம் கையே சொல்லும்" என்கிறது வாரியம். சொல்லும்தான், மரை போன பிறகு.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவர் உறவினரையும் அந்தக் கல்வெட்டு ஒதுக்கிவைத்தது. இங்கே மிஞ்சிய போல்ட்டுக்கு யார் கணக்குக் காட்டுவது? ஆகவே, யோசனை சொல்ல வருபவரிடம் முதலில் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேளுங்கள்.