ஷோகேஸ் பொருளதிகாரம்

கொடுத்தோர் வருநாள் குறுகுங் காலைப்
பரணுறை பொருளும் முன்நிலை எய்தும்
என்மனார் இல்லத் தரசி யாரே.

என்பது சூத்திரம். இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், நடுத்தர வர்க்கத்துத் தமிழ் வீட்டு ஹாலில் கண்ணாடிக் கதவு போட்டு நிற்கும் ஷோகேஸில் எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்கும், எதனால் இருக்கும், எப்போது இடம் மாறும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று.

இதன் பொருள்: அன்பளிப்பாக வந்த ஒரு பொருள், அதைக் கொடுத்தவர் வீட்டுக்கு வரும் நாள் நெருங்க நெருங்கப் பரணிலிருந்து இறங்கும், ஈரத்துணி பட்டுத் துலங்கும், கடைசியில் ஷோகேஸின் கண்மட்டத் தட்டை வந்தடையும். 'பொருளும்' என்ற உம்மையால் கட்டிலடியில் கிடப்பனவும் கொள்க. இல்லத்தரசியார் எனப் பன்மை கூறியது, வீட்டில் மாமியாரும் உளர் ஆதலின்.

உள்ளலங்கார நிபுணர்கள் இதை ஏற்க மாட்டார்கள். வெளிச்சம், நிறப் பொருத்தம், வெற்றிடத்தின் அழகு என்று அவர்கள் வேறு காரணங்கள் சொல்வார்கள். அழகுதான் அளவுகோல் என்றால், உள்ளே பல்பு எரியும் தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் மாவட்ட அளவிலான கேரம் போட்டியின் ஆறுதல் பரிசுக் கேடயம் எப்படி நிற்கிறது? நிபுணர்களிடம் பதில் இல்லை. நம்மிடம் இருக்கிறது: தாஜ்மகால் பெரிய நாத்தனார் ஆக்ராவிலிருந்து வாங்கி வந்தது, கேடயம் அவர் மகன் வாங்கியது, நாத்தனார் அடுத்த தெருவில் இருக்கிறார்.

ஷோகேஸுக்கும் முதல், கரு, உரி உண்டு. நிலம், வாசலுக்கு எதிர்ச் சுவர். பொழுது, விருந்தாளி வரும் மாலை. மேல்தட்டு குறிஞ்சி, ஸ்டூல் இல்லாமல் ஏற முடியாதது. அங்கே சாமி படங்களும், குழந்தைகள் கை வைக்கக் கூடாத கண்ணாடி அன்னமும் வாழும். அடுத்தது முல்லை. அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது ஆற்றியிருத்தல். தங்க விளிம்பு போட்ட கப் அண்ட் சாசர் செட் ஒன்று அங்கே வருஷக்கணக்கில் ஆற்றியிருக்கிறது. அதன் கண்ணெதிரிலேயே எல்லா விருந்தாளிக்கும் எவர்சில்வர் டம்ளரில் காப்பி போகிறது. கடைசித் தட்டு நெய்தல் என்பதற்கு விளக்கமே வேண்டாம்: கன்னியாகுமரிச் சங்கு, ராமேஸ்வரத்துச் சிப்பிக் கண்ணாடி.

அதிகம் பேச வேண்டியது மருதத்தைத்தான். கண்மட்டத் தட்டு என்பது அதுவே. ஊடல் அதன் உரிப்பொருள். நடு இடத்தில் யார் வீட்டுப் பொருள் என்பதே வழக்கு. எங்கள் வீட்டில் மனைவி வழியில் ஒரு தஞ்சாவூர்த் தட்டு வந்தது. பித்தளைத் தட்டின் மேல் வெள்ளித் தகட்டையும் தாமிரத் தகட்டையும் புடைப்பு வேலையாகப் பதித்தது. என் அம்மா வழியில் வந்தது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. இரண்டும் ஒரே ஊர், இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் இரண்டும் சம்பந்தி முறை. காலையில் தட்டு நடுவில் இருக்கும். மத்தியானம் தூசி துடைத்த பிறகு பார்த்தால் பொம்மை இருக்கும். அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதால் அந்தப் பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். கொடுத்த பக்கத்தாரின் குணமும் அதுதான் என்று உரையாசிரியருள் ஒருவர் சமையலறையிலிருந்து உரைப்பார். இளம்பூரணருக்கும் நச்சினார்க்கினியருக்கும் கருத்து வேறுபட்டதில்லையா? அவர்களை யாரும் ஒரே வீட்டில் குடிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

பாலை, பரண். தனியாக ஒரு நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் முறைமை கெட்டால் பாலை ஆகும் என்பது இளங்கோவடிகள் காட்டும் நெறி. உரிப்பொருள் பிரிதல்.

இனி இலக்கியச் சான்று. வீட்டு அலங்காரத்தைத் தமிழில் விரிவாக எழுதியவர்களில் மூத்தவர் நக்கீரர். நெடுநல்வாடையில் அரண்மனையைக் கயிறு பிடித்து அளப்பதில் தொடங்கி, யவனர் செய்த பாவை விளக்கு, நாற்பது வயது யானையின் தந்தத்தால் ஆன வட்டக் கட்டில், அதன் மேற்கட்டியில் ராசிகளோடு வரைந்த சந்திரனும் உரோகிணியும் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார். யவனர் விளக்கு, நாமறிந்த வரையில் ஃபாரின் ஷோபீஸுக்கு மிகப் பழைய சான்று. ஆனால் இத்தனையும் பார்க்க வேண்டிய ஆள் வீட்டில் இல்லை. அவர் நள்ளிரவு வாடையில், பாசறையில், புண்பட்ட வீரர்களை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அரசி அந்தக் கட்டிலில் கண்ணீரைத் துடைத்தபடி கிடக்கிறாள். வர வேண்டியவர் வராத வீட்டில் அலங்காரம் வெறும் தட்டுமுட்டுச் சாமான் என்பதை நக்கீரரே ஒப்புக்கொண்டபின் நிபுணர்கள் பேச என்ன இருக்கிறது?

அடுத்தது எழுத்துச் சான்று. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று ஆள் பெயர்கள் தமிழியில் கீறப்பட்டிருக்கின்றன. பாத்திரத்தில் பேர் வெட்டுவது ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் என்று இதனால் அறிகிறோம். எவர்சில்வர் யுகத்தில் இது உச்சத்தை அடைந்தது. பாத்திரக் கடை வாசலில் ஒருவர் மெஷினை வைத்துக்கொண்டு, குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாகக் கொடுத்தவர் பெயரும் இனிஷியலும் தேதியும் வெட்டுவார். பேர் வெட்டிய குடத்தை இன்னொரு கல்யாணத்தில் தள்ளிவிட முடியாது. ஆகவே அது ஷோகேஸுக்கு வராது. அடுக்களையில் உழைத்தே ஓயும். ஷோகேஸுக்கு வருவதெல்லாம் பேர் வெட்ட முடியாத சாதி: மோர்பியிலிருந்து வந்து தமிழ்நாட்டுக் கல்யாண மேடைகளை நிரப்பிய சுவர்க் கடிகாரம், பிளாஸ்டிக் பூ, லெமன் செட். இவற்றில் லெமன் செட் பெரும்பாலும் பெட்டியைத் திறக்காமலே மண்டபத்திலிருந்து மண்டபத்துக்குப் பயணப்படும். யார் எதைக் கொடுத்தார் என்பதற்கு ஒரே ஆதாரம் மொய் நோட்டு.

சூத்திரத்தைச் சோதிக்க அண்மையில் ஒரு வாய்ப்பு அமைந்தது. என் கல்லூரி விடுதித் தோழன் ஒருவன் திங்கட்கிழமை இரவு போன் செய்தான். "டேய், ஞாயித்துக்கிழமை திருச்சி வர்றேன். உன் வீட்டுக்குத்தான். சாப்பாடு போடுவியா?" போனை வைத்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அவருக்குக் காரம் ஆகுமா?" என்பதல்ல. "ஏங்க, அவர் நம்ம கல்யாணத்துக்கு என்ன கொடுத்தார்?"

செவ்வாய் முழுதும் மொய் நோட்டுத் தேடல். பீரோவில், சேலைகளுக்கு அடியில், வீட்டுப் பத்திர நகலோடு இருந்தது. அவன் பெயருக்கு நேரே என் சித்தப்பா கையெழுத்தில் 'கொக்கு, ஜோடி 1' என்ற பதிவு. அம்மாவுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. "கொம்புக் கொக்குடா. கருப்பா இருக்கும். புதுசா கல்யாணம் ஆன வீட்டில என்னத்துக்குன்னு நான்தான் மேல போட்டேன்."

பரண் அகழாய்வு புதன்கிழமை தொடங்கியது. மகன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன்; ஏறச் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்று காதில் மாட்டியிருப்பதைக் காட்டினான். ஆய்வாளரே ஏற நேர்ந்தது. மேல் அடுக்கில், வாரண்டி முடியும்வரை எறியக் கூடாது என்று வைத்த ஃபிரிட்ஜ் அட்டைப் பெட்டி, ஃபிரிட்ஜே போய்விட்டது. அதன் கீழே கொலுப் பெட்டிகள். அதற்கும் கீழே நடைவண்டி, தொட்டில் கம்பி, ஈயம் பூசாத அண்டா. அண்டாவுக்குள் தினத்தந்தியில் சுற்றிய பொட்டலம். தாளில் படையப்பா விளம்பரம் இருந்தபடியால், 1999ஆம் ஆண்டுக் கோடைக்கு முன்னால் கொக்கு மேலே போயிருக்க முடியாது என்று காலம் கணித்தோம். கல்யாணமான புதிதிலேயே மேலே போட்டதாக அம்மா சொன்ன வாய்மொழி வரலாறு இங்கே அடிபட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தாளை மட்டும் மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

பொருளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மாட்டுக் கொம்பைச் சூட்டில் வாட்டி இளக்கி, வளைத்து, இழைத்துச் செய்வது இது. திருவனந்தபுரத்திலும் ஒடிசாவின் பர்லாகெமுண்டியிலும் இதற்கென்றே கைவினைஞர்கள் உண்டு. உடம்பில் கரிய நிறம். கழுத்து மேலே போகப் போகச் சாம்பல் பூத்து, அலகு நுனியில் கண்ணாடி போல் வெளிச்சம் ஊடுருவும். பெரியது குனிந்து மீன் தேடும், சின்னது அண்ணாந்து பார்க்கும். எங்களுடையதில் பெரியதற்கு அலகு இல்லை. அண்டாவைக் கவிழ்த்துத் தட்டியதில் கிடைத்தது. வியாழன் இரவு ஃபெவிகுவிக் வைத்து ஒட்டியதில் கொக்கு சற்றே கோணலாகி, மீனை விட்டுவிட்டுப் பக்கத்துத் தலையாட்டி பொம்மையைக் குறிபார்க்கத் தொடங்கியது. அம்மா இதைக் கவனித்தார். வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்கக் கூடாது, ஆய்வு நின்றது.

சனிக்கிழமை ஒரு துணை விதி வெளிப்பட்டது. துடைத்த கொக்கை வைத்ததும் தட்டு அழுக்காகத் தெரிந்தது. தட்டைத் துடைத்ததும் கண்ணாடி. கண்ணாடியைத் துடைத்ததும் பின்சுவர். மனைவி பெயிண்டரைக் கூப்பிட்டார். "ஒரு சுவருக்கெல்லாம் ஆள் வராதும்மா. வீடு முழுக்க அடிக்கிறதுன்னா சொல்லுங்க." 1954இல் ஆர்.கே.லக்ஷ்மண் ஏஷியன் பெயிண்ட்ஸுக்கு வரைந்து கொடுத்த கட்டு என்ற பையன், கையில் டப்பாவோடு தனியாளாக எந்தச் சுவருக்கும் வந்து நின்றான். 2002இல் அவனுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஓதம் பூத்த இடத்தில் மளிகைக்கடைக் காலண்டரை மாட்டினோம்.

ஞாயிறு, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியவன் பத்தரைக்கு வந்துவிட்டான். நாங்கள் இருப்பது உறையூர். பாண்டி நாட்டிலிருந்து ஒரு நண்பர் உறையூர்க்காரரைத் தேடி வருவது இலக்கியப் பெருமை உள்ள நிகழ்ச்சி. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் கண்ணால் கண்டிராத பிசிராந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள் என்றான். சுற்றி இருந்தவர்கள் நம்பவில்லை. ஆந்தையார் வந்தார். அவர் கையில் என்ன கொண்டுவந்தார் என்று புறநானூறு சொல்லவில்லை. எங்கள் தோழன் ஒரு பெரிய அட்டைப் பெட்டி கொண்டுவந்தான். ஆய்வு நோக்கில் இதுதான் வேறுபாடு.

வந்தவன் ஷோகேஸுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஃபேனுக்கு நேரே இருந்த நாற்காலி அதுதான். மெஸ் சாம்பார், ராத்திரி ரெண்டாம் ஆட்டம், சுவர் ஏறிக் குதித்துக் கால் உடைந்தவன், இப்போது அமெரிக்காவில் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருப்பவன், போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவன். அவன் பேச்சு வந்தபோது மட்டும் இருவரும் சற்று நேரம் ஃபேனைப் பார்த்தோம். மூன்று வேளைக்கான சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டோம். கொக்குப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. பொறுத்துப் பார்த்த மனைவி, காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, நீங்க கொடுத்த கொக்கு அப்படியே இருக்கு பாருங்க."

திரும்பிப் பார்த்தவன் முகம் மலர்ந்தது. "இதுவா? இது ரூம்ல எல்லாருமா காசு போட்டு வாங்கினதும்மா. நான் தூக்கிட்டு மட்டும்தான் வந்தேன். என் பங்கு இன்னும் பாக்கி."

இது சூத்திரத்தைத் தகர்க்கும் சான்று என்று சிலர் தடை எழுப்பலாம். அன்று. கொடுத்தோர் என்பது பலர்பால். அதில் இவன் அடங்க மாட்டான், அவ்வளவே. மொய் எழுதிய சித்தப்பா, கொண்டுவந்தவனைக் கொடுத்தவன் என்று பிறழ உணர்ந்தார். இவனுக்கு உரிய பொருள் அந்த அட்டைப் பெட்டியில் இருந்தது: பிளக்கைச் செருகினால் தலைவழியாகத் தண்ணீர் வழியும் புத்தர். எங்கள் ஷோகேஸின் நடுவே இருபத்தோரு அங்குலப் பெட்டி டிவிக்கென்று ஆசாரி விட்ட குழி இருக்கிறது. டிவி தட்டையாகிச் சுவருக்குப் போனபின் அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமியாரும் மருமகளும் முதன்முறையாக ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் கைகாட்டினார்கள். புத்தர் அங்கே அமர்ந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றும்போது அவரையும் போடுகிறார்கள்.

கொக்கை மறுபடி பரணேற்றும் பேச்சுக்கு இடமில்லை. உண்மையாகக் காசு போட்டவர்கள் இனித்தான் வர வேண்டும். அந்த அறைவாசிகளில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து வாருங்கள். உங்கள் கொக்கு மருதத் தட்டில் தயாராக இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: அங்கே இருந்த ஒரே பிளக் பாயிண்டைப் புத்தர் எடுத்துக்கொண்டார். கரண்டில் ஓடும் எதையும் வாங்கி வராதீர்கள்.