எல்லைக்கோடு எழுதும் வரி பில்

கேள்வி: நியூஜெர்சியில் எடிசனும் உட்பிரிட்ஜும் பக்கத்துப் பக்கத்து ஊர். இரண்டிலும் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். ஓக் ட்ரீ ரோட்டில் காபி குடித்துவிட்டு நாலு எட்டு வைத்தால் ஊர் மாறிவிடும். ஆனால் சொத்து வரி விகிதம் உட்பிரிட்ஜில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது என்ன நியாயம்?

பதில்: விகிதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், அது பாதிக் கணக்குதான். 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உட்பிரிட்ஜில் 100 டாலர் மதிப்புக்கு 10 டாலருக்கு மேல் வரி. எடிசனில் அதில் பாதியை ஒட்டி. ஆனால் அந்த 100 டாலரை எப்போது எண்ணினார்கள் என்று கேளுங்கள். பல பத்தாண்டுகளாக உட்பிரிட்ஜ் வீடுகளை மறுமதிப்பீடு செய்யவில்லை. சந்தையில் 5 லட்சம் டாலருக்குப் போகும் வீடு அந்த ஊர் ஏட்டில் 1 லட்சத்தை ஒட்டியே நிற்கும். பழைய மதிப்பைப் பெரிய விகிதத்தால் பெருக்கினால் வரும் பில், எடிசன் பில்லை விட்டு வெகுதூரம் போவதில்லை. ஊர்களை ஒப்பிட வேண்டுமானால் கைக்கு வரும் பில்லை வீட்டின் இன்றைய விலையோடு வைத்துப் பாருங்கள்.

அப்படிப் பார்த்த பிறகும் ஊருக்கு ஊர் ஒரு வித்தியாசம் மிஞ்சும். நாம் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். வருமான வரியில் விகிதத்தை முதலில் வைப்பார்கள், வசூல் பிறகு தெரியும். இங்கே நேர்மாறு. ஊரும் பள்ளியும் கவுண்டியும் செலவைத் தீர்மானித்து, மாநில உதவியையும் மற்ற வரவுகளையும் கழித்து, மிச்சத்தை ஊரில் உள்ள சொத்துகளின் மேல் பரப்புவார்கள். திருவிழாச் செலவைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் ஊரில் நாலு பெரிய வியாபாரிகள் கூடுதலாகப் போட்டால் மற்றவர் பங்கு குறையுமே, அதே கணக்கு. 20,000 பேர் வாழும் இரண்டு ஊர், இரண்டுக்கும் 6 கோடி டாலர் தேவை என்று வைத்துக்கொள்வோம். மாலும் அலுவலகங்களும் உள்ள ஊரின் மொத்தச் சொத்து 400 கோடி. வீடுகள் மட்டுமே உள்ள ஊரில் 240 கோடி. முதல் ஊரில் வரி 1.5 சதவீதம், இரண்டாவதில் 2.5. ஒரே 5 லட்சம் டாலர் வீட்டுக்கு அங்கே 7,500, இங்கே 12,500. இரண்டு ஊர் நிர்வாகமும் ஒரே மாதிரிதான் செலவழிக்கிறது. கடலோர ஊரான ஆவலானைப் பாருங்கள்: கோடைக்கு மட்டும் ஆள் வரும் விலையுயர்ந்த வீடுகள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோ சொற்பம். அங்கே வரி வீட்டு விலையில் 1 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை.

கேள்வி: சுற்றி வளைக்காதீர்கள். டவுன் கவுன்சில்காரர்களின் ஊதாரித்தனம்தானே காரணம்?

பதில்: ஊதாரித்தனம் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பில்லைப் பிரித்துப் பாருங்கள். மாநிலச் சராசரியில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. ஊர் நிர்வாகத்துக்குச் சுமார் 30 சதவீதம். மிச்சம் பெரும்பாலும் கவுண்டிக்கு. டவுன் ஹால் தன் செலவில் பத்தில் ஒரு பங்கை வெட்டினாலும் உங்கள் பில்லில் குறைவது 3 சதவீதம். வரி வசூல் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று 2010-ல் கொண்டுவந்த உச்சவரம்பும், சில விலக்குகளோடு, எல்லா ஊருக்கும் பொது. பெரிய வீண்செலவு வேறிடத்தில் இருக்கிறது: இவ்வளவு சிறிய மாநிலத்தில் 564 ஊராட்சிகள், ஐந்நூற்றுக்கு மேல் பள்ளி மாவட்டங்கள்.

இத்தனை துண்டு எப்படி வந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. 1894-ல் வந்த பள்ளிச் சட்டம், ஒரு டவுன்ஷிப்புக்கு ஒரே பள்ளி மாவட்டம் என்றது. அடுத்த குடியிருப்பின் பள்ளிக்கு நாங்கள் ஏன் அழ வேண்டும் என்று நினைத்தவர்கள், தனி ஊர் நிர்வாகமான 'பரோ'வாக மாறினால் தனிப் பள்ளி வைத்துக்கொள்ளலாம் என்ற வழியைப் பிடித்துக்கொண்டார்கள். பெர்கன் கவுண்டியில் அந்த ஓராண்டில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பரோக்கள் முளைத்தன; 'பரோ காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர் வந்தது. அந்தக் கவுண்டியில் இன்று 70 ஊர். அவற்றில் ஒன்றான டெட்டர்பரோவில் 2020 கணக்கெடுப்பின்படி வாழ்பவர்கள் 61 பேர்; மற்றதெல்லாம் விமான நிலையமும் கிடங்குகளும் தொழிற்கூடங்களும். அந்த ஊரைக் கலைத்து அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்க 2010-ல் ஒரு முயற்சி நடந்தது, பலிக்கவில்லை. சொத்தை உள்ளேயும் பிள்ளைகளை வெளியேயும் வைக்கும் கோடு ஒருமுறை விழுந்துவிட்டால் அதை அழிப்பது அத்தனை கடினம்.

கேள்வி: ஷாப்பிங் மாலை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது எங்கள் சாமர்த்தியம். அதன் வரியில் பக்கத்து ஊருக்கு ஏன் பங்கு?

பதில்: அந்த மாலில் சாமான் வாங்குபவர்கள் பக்கத்து ஊர்ச் சாலைகளில்தான் வருகிறார்கள். அங்கே பில் போடும் பெண்ணின் பிள்ளை பக்கத்து ஊர்ப் பள்ளியில் படிக்கிறது. லாபம் உங்களுக்கு, செலவு அவர்களுக்கு. இந்தச் சாமர்த்தியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: வரி தரும் கட்டடம் வேண்டும், பிள்ளைகள் நிறைந்த எளியவர் அடுக்ககம் வேண்டாம் என்று ஊர்கள் நிலப் பயன்பாட்டு விதிகளை வளைத்தன. எளியோரை அப்படி வெளியே தள்ளுவது செல்லாது என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1975-ல் மவுண்ட் லாரல் வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது.

பங்கு போட்டால் ஊர்களுக்கு ஊக்கம் போய்விடும் என்பது நேர்மையான ஆட்சேபம்தான். மினசோட்டா அதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. அங்கே மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றியுள்ள ஏழு கவுண்டிகளில், வணிகச் சொத்து மதிப்பில் ஏற்படும் வளர்ச்சியின் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும் என்று 1971-ல் சட்டம் போட்டார்கள். சொத்து குறைந்த ஊருக்கு அதிலிருந்து கூடுதல் பங்கு. 60 சதவீதம் சொந்த ஊரிலேயே தங்குவதால் ஊக்கம் போகவில்லை. 1992-ல் புளூமிங்டனில் பிரம்மாண்டமான மால் ஆஃப் அமெரிக்கா திறந்ததும் இந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதுதான். பள்ளிச் செலவில் பெரும்பங்கை நியூஜெர்சி இப்படிப் பொதுவாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அதுவரை வரி குறைந்த ஊரில் வீடு வாங்கினால் லாபம்தானே?

பதில்: அந்தச் சலுகையை வீட்டை விற்பவர் ஏற்கெனவே விலையில் ஏற்றியிருப்பார், டவுனுக்குக் கட்ட வேண்டியதை வங்கிக்கு வட்டியாகக் கட்டுவீர்கள். கடைசி மறுமதிப்பீடு எந்த ஆண்டு என்று விசாரியுங்கள். ஊரின் வரியில் எவ்வளவு ஒரே மாலையோ ஒரே அலுவலக வளாகத்தையோ நம்பியிருக்கிறது என்றும் பாருங்கள். அவற்றின் உரிமையாளர்கள் அப்பீல் போட்டு மதிப்பைக் குறைத்துக்கொண்டால், அந்தத் துண்டு விழும் தொகை அடுத்த ஆண்டு வீட்டுக்காரர்கள் பில்லில்தான் ஏறும்.