எந்தக் கோயிலுக்கு ட்ரஸ்டி?



ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எல்லோரும் நலம். நம்மவர் ஒருவர் மட்டும் கொஞ்சநாள் நலமாக இருக்கவில்லை. தேர்தலில் நின்றுவிட்டார்.

தேர்தல் என்றதும் மாலை, மேடை, ஒலிபெருக்கி என்று எண்ணிவிட வேண்டாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஒக்ரோபர் மாதத்து நாலாவது திங்கட்கிழமை, நகரசபைத் தேர்தல் நடக்கும். மேயருக்கு ஒரு புள்ளடி, கவுன்சிலருக்கு ஒரு புள்ளடி போட்ட களைப்பில் வாக்காளர் பாராமல் விட்டுவிடும் பகுதி ஒன்று அந்த வாக்குச்சீட்டில் உண்டு. அது பள்ளிக்கூட சபை உறுப்பினருக்கு உரியது. இங்கே அந்தப் பதவிக்குப் பெயர் ட்ரஸ்டி. 2022இல் நம்மவர் அதற்குத்தான் நின்றார்.

செய்தியை முதலில் சொன்னது தாயாரிடம்.

"அம்மா, நான் ட்ரஸ்டிக்கு நிக்கப்போறன்."

"எந்தக் கோயிலுக்கு மோனை?"

"கோயிலுக்கில்லையம்மா, பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்துக்கு என்னத்துக்குத் தர்மகர்த்தா? அங்கையும் தேர் இழுக்கினமோ?"

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்த எழுபத்தெட்டு வயது மனுசிக்கு இதை விளங்கப்படுத்த அவருக்கு ஒரு கிழமை பிடித்தது. அந்த ஒரு கிழமைதான் அவருடைய முதற்பிரசாரம். அதிலேயே பாதித் தோல்வி.

தொடக்கம் என்னவோ சின்ன விஷயந்தான். மகளின் வகுப்பு நடந்தது ஒரு போர்ட்டபிளில். கட்டடத்துக்குள் இடம் போதாமல் பள்ளி முற்றத்தில் கொண்டுவந்து இறக்கிவைக்கும் பெட்டி வகுப்பறை அது. பனிக்காலத்தில் பிள்ளை ஒன்றுக்குப் போவதென்றால் ஜக்கெட், தொப்பி, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு பெரிய கட்டடத்துக்கு ஓடவேண்டும். பெற்றோர் கூட்டத்தில் நம்மவர் எழும்பி இதைக் கேட்டார். "அது சபையின் விஷயம், உங்கள் ட்ரஸ்டியிடம் சொல்லுங்கள்" என்றார்கள். "யார் அந்த ட்ரஸ்டி?" என்று கேட்டார். பெற்றோர் ஆளை ஆள் பார்த்தார்கள். அடுத்த நாள் தமிழ்க்கடையில் மரக்கறி வாங்க வந்தவர்களிடமும் கேட்டுப் பார்த்தார். தங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர் சங்கக் கனடாக் கிளையில் 1996இல் பொருளாளராக இருந்தவர் யார், அவர் ஏன் விலகினார் என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிக்கக்கூடியவர்கள் அவர்கள். பிள்ளைகள் படிக்கும் சபையின் ட்ரஸ்டி பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியென்றால் அந்த இடம் காலி மாதிரித்தான் என்று நம்மவர் முடிவுகட்டினார்.

தகுதிகளைப் பார்த்ததும் உற்சாகம் கூடியது. 18 வயது, கனடியக் குடியுரிமை, சபையின் எல்லைக்குள் வீடு. அந்தச் சபைக்கு வாக்களிக்கும் உரிமையும் இருக்க வேண்டும். அங்கேயே வேலை செய்பவரென்றால் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும். அவ்வளவுதான். கவுன்சிலருக்கு நிற்பவர் 25 பேரிடம் கையொப்பம் வாங்கவேண்டும். ட்ரஸ்டிக்கு அந்த அலைச்சலும் இல்லை. கட்சியும் கிடையாது. 100 டொலர் கட்டினால் வேட்பாளர். கடைசி நாள் ஓகஸ்ட் 19, பகல் 2 மணி. நம்மவர் ஒன்றரைக்குப் போய் வரிசையில் நின்றார். கலியாண வீட்டுக்கே தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்குப் போகிறவருக்கு இது சாதனை.

மனைவி கேட்டது ஒரேயொரு கேள்வி: "உங்களுக்கென்ன விசரே?" அவர் சரித்திரத்தைத் துணைக்கழைத்தார். கத்லீன் வின் 2000இல் ரொறன்ரோ பள்ளிச் சபைக்குத் தெரிவாகி, 2013இல் மாகாண முதல்வரானார். ஒலிவியா சௌ 1985இல் பள்ளிச் சபையில் தொடங்கினார். (அவர் 2023இல் நகரத்துக்கே மேயரானது, நம்மவருக்குக் காலம் பிந்திக் கிடைத்த ஆதாரம்.) நம் ஆட்களிலும் ஜுவனிதா நாதன் யோர்க் பிராந்தியச் சபையில் ட்ரஸ்டியாக இருந்தார். (அவர் பிறகு மார்க்கம் கவுன்சிலராகி, 2025இல் நாடாளுமன்றத்துக்கே போனதும் பிந்திக் கிடைத்த ஆதாரந்தான்.) மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவையள் வெண்டவை."

அடுத்த பிரச்சினை பெயர். இந்த நாட்டில் நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயர் என்பதும், வாக்குச்சீட்டில் குடும்பப் பெயரின் அகரவரிசைப்படியே ஆட்களைப் போடுவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நம்மவரின் தகப்பனார் பெயர் ஆங்கில எழுத்து வரிசையின் வால்பக்கத்தில் தொடங்கி, பதினெட்டு எழுத்துவரை நீள்வது. புல்தரையில் நடும் பிரசாரப் பலகையில் அதைப் போட்டால் படம் போட இடமில்லை; படம் போட்டால் பெயர் இரண்டாக முறிகிறது. அச்சகத்துப் பையன் கடைசியில் எழுத்தைச் சிறிதாக்கி எப்படியோ திணித்தான். வீதியில் போகிற காருக்கு அது ஒரு கறுப்புக் கோடு. ஊருக்குத் தெரிந்த பெயர் வேறு என்றால், தேர்தல் அதிகாரி சம்மதித்தால், அந்தப் பெயரைச் சீட்டில் போடலாம். ஊரில் அவரைக் 'குட்டி' என்பார்கள். அந்த யோசனையை மனைவி அன்றே அடக்கம் செய்துவிட்டார்.

பணம் சேர்த்த கதைதான் பெரிய கதை. பெரியப்பா முறையான ஒருவர் மஞ்சள் தடவிய உறையில் 101 டொலர் வைத்து நீட்டினார். மொய் போலத்தான், அன்பு. ஆனால் இங்கத்தைய சட்டப்படி 25 டொலருக்கு மேல் காசாக வாங்கக்கூடாது. காசோலையோ வங்கிவழிப் பணமோதான் சரி. அதோடு 100 டொலரைத் தாண்டினால் கொடுத்தவர் பெயர் பகிரங்கக் கணக்கறிக்கையில் ஏறும். அந்த மங்கலகரமான ஒற்றை டொலர், பெரியப்பாவின் பெயரை நகரசபை ஆவணத்தில் ஏற்றிவிடும். "அப்ப ஒண்டைத் திருப்பித் தா" என்று வாங்கி, மிச்சத்துக்குக் காசோலை எழுதினார். லண்டன் அண்ணாவும் பாரிஸ் தம்பியும் அனுப்பத் துடித்தார்கள். ஒன்ராறியோவில் வசிக்காதவர் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. சந்திக் கடைக்காரர் தொண்டர்களுக்கென்று ஐம்பது மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்து இறக்கினார். கடை கம்பனியாகப் பதிவானது. கம்பனிகள் நன்கொடை கொடுப்பது தடை. இலவச ரோல்ஸும் சந்தை விலைப்படி நன்கொடையே. ஆகவே வேட்பாளர் ஐம்பது ரோல்ஸுக்கும் பணம் கட்டி, ரசீது வாங்கி, கோப்பில் போட்டார். கடைக்காரருக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

செலவுக்கு உச்சவரம்பு 5,000 டொலரும், வாக்காளர் ஒருவருக்கு 85 சதமும். தொகுதியில் எழுபதாயிரம் வாக்காளர் என்றால் 64,500 டொலர் வரை செலவழிக்கலாம். நம்மவர் கையில் இருந்தது அதில் ஒரு மூலை.

அடுத்து, கிடைக்கக்கூடிய வாக்குகளை எண்ணிப் பார்த்தார்கள். தாயாருக்கு நிரந்தர வதிவிடம் மட்டுந்தான், வாக்கில்லை. ஒவ்வொரு ஞாயிறும் யார் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடுகிறாரோ அந்த மச்சாள், பலகையை முதலில் தன் வாசலில் நட்டவர், கத்தோலிக்கச் சபைக்கு ஆதரவாளர். ஒன்ராறியோவில் அரச காசில் நடப்பவை நான்கு வகைச் சபைகள்: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க. ஒருவர் ஒன்றுக்குத்தான் வாக்களிக்கலாம். நம்மவர் நின்றது ஆங்கிலப் பொதுச் சபைக்கு. மச்சாளின் வாசலில் நின்ற பலகைக்கு மச்சாளே வாக்களிக்க முடியாது.

வீடு வீடாகப் போனபோதுதான் ட்ரஸ்டி என்றால் என்ன என்பதை நம்மவரே படித்தார். ஒருவர் பக்கத்து வீட்டு மரத்தை வெட்டித்தரக் கேட்டார். இன்னொருவர் பனி அள்ளும் வண்டி தன் வாசலில் குவித்துவிட்டுப் போவதைச் சொல்லி அழாத குறை. வீட்டுவரியில் வரும் கல்விவரியைக் குறைக்கச் சொன்னவர்கள் பலர். அந்த வரியைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாகாண அரசு 1998இலேயே சபைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. ட்ரஸ்டி தனியாளாக ஓர் ஆசிரியரை மாற்றவும் முடியாது, ஒரு போர்ட்டபிளை நகர்த்தவும் முடியாது. ட்ரஸ்டிகள் எல்லாரும் கூடி வரவுசெலவை ஏற்பார்கள், கொள்கை வகுப்பார்கள், கல்விப் பணிப்பாளரை நியமிப்பார்கள். ரொறன்ரோ மாவட்டச் சபையில் அப்போது 22 ட்ரஸ்டிகள். அவர்களுக்குக் கீழே ஏறக்குறைய 580 பள்ளிகள், 300 கோடி டொலரைத் தாண்டும் வரவுசெலவு. இதற்குக் கிடைப்பது சம்பளமல்ல, மதிப்பூதியம்.

இந்தப் பதவிக்கு வயதும் அதிகம். அன்று மேல் கனடா என்று அழைக்கப்பட்ட இந்த மண்ணில் ஊரவர் கூடி மூன்று ட்ரஸ்டிகளைத் தெரிவுசெய்யலாம் என்ற சட்டம் வந்தது 1816இல். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த அதே வருடம். இதை அறிந்த நாளிலிருந்து நம்மவர் ஒவ்வொரு தமிழ் வாசலிலும் அதைச் சொல்லத் தொடங்கினார். கேட்டவர்கள் கேட்ட கேள்வி வேறு: "தம்பி எந்த ஊர்? எந்தப் பள்ளிக்கூடம்?" பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் ஒரு வீட்டில் முகம் கறுத்தது. வீட்டுக்காரர் கிரிக்கெட்டில் எதிர்ப்பள்ளிக்காரர்.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு வீட்டின் கமரா மணியை அடித்தார். கதவு திறக்கவில்லை, மணியே பேசியது. வீட்டுக்காரர் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். இங்கே மாலை ஏழு, அங்கே விடிகாலை நாலரை. பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவர் கைத்தொலைபேசியில் வேட்பாளரின் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "உமக்குத்தான் வோட். இப்ப விடும், மணி கேக்குது" என்றார். பிரசாரம் முழுவதிலும் கிடைத்த ஒரே உறுதியான வாக்குறுதி அதுதான். நல்லூரிலிருந்து வந்தது.

வாக்களிப்பு நாள் ஒக்ரோபர் 24. பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அன்று தீபாவளி. நம் சனம் எண்ணெய் தேய்த்து முழுகி, கோயிலுக்குப் போய், ஆட்டிறைச்சிக் கறியோடு மத்தியானம் சாப்பிட்டால், பிறகு இரவு 8 மணிக்குள் வாக்குச்சாவடிக்கு எழும்பிப் போகும் சாதியா? முன்கூட்டிய வாக்களிப்பு 7ஆம் திகதி முதல் 14 வரை நடந்ததென்று வேட்பாளர் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார். அந்த வருடம் ரொறன்ரோ முழுவதிலுமே நூற்றுக்கு முப்பது பேர்கூட வாக்களிக்கவில்லை. இதற்குத் தீபாவளி மட்டும் பொறுப்பல்ல. ஆனால் எங்கள் தெருவில் அதற்கும் ஒரு பங்குண்டு.

மூன்றாம் இடம். எட்டுப் பேரில் மூன்றாவது என்று அவர் சொல்வார். வென்றவருக்கும் அவருக்கும் உள்ள தூரத்தைச் சொல்லமாட்டார். நல்லூர்க்காரர் வாக்களித்தாரா என்பது தெரியாது. 72 மணித்தியாலத்துக்குள் பலகைகளைப் பிடுங்கவேண்டும் என்பது நகரச் சட்டம். தாயார் ஒருவர்தான் அழுதார், அதுவும் ரோல்ஸ் காசுக்காக. மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்குள் கணக்கறிக்கை கொடுத்தால் கட்டிய 100 டொலர் திரும்பிவரும். சதக் கணக்குச் சரிவராமல் இரண்டு இரவு விழித்திருந்து, கொடுத்து, காசையும் வாங்கிவிட்டார்.

பிறகு 2025 ஜூனில் மாகாணக் கல்வி அமைச்சர், நிதி நிர்வாகம் சரியில்லையென்று ரொறன்ரோ மாவட்டச் சபை உட்பட நான்கு சபைகளை மேற்பார்வையாளர்களின் கையில் ஒப்படைத்தார். ட்ரஸ்டிகளிடமிருந்து முடிவெடுக்கும் அதிகாரம் போனது. வென்றிருந்தால் நீயும் வீட்டில்தான் இருந்திருப்பாய் என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். தாயாருக்கு இதையும் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இந்தமுறை ஒரு கிழமை எடுக்கவில்லை.

"ட்ரஸ்டிமாரை விலத்திப்போட்டு மேலிடத்தாலை ஆள் போட்டிருக்கினமோ? எங்கட ஊர்க் கோயிலுக்கும் கோட்டாலை அப்பிடித்தானே போட்டவை. நான் அண்டைக்கே கேட்டனான், எந்தக் கோயில் எண்டு."

மிச்சப் பலகைகள் இன்னும் கராஜில் அடுக்கியிருக்கின்றன. மழைக்கு நனையாத நல்ல பிளாஸ்ரிக் அட்டை, எறிய மனமில்லை. ஒன்று தக்காளிக் கன்றுக்குக் காற்று மறைப்பு. இன்னொன்றின் பின்பக்க வெள்ளையில் மகள் எரிமலைப் படம் ஒட்டி, பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். ஆசிரியர் அதை நடைபாதைச் சுவரில் சாய்த்து வைத்தார். இரண்டு கிழமை அது அங்கேயே இருந்தது, அப்பா முகம் சுவர்ப்பக்கமாக.