ஆறுமா, ஆறாதா?

ஜிம் மாஸ்டர் குளூட்டமைன் பவுடர் வாங்கச் சொல்கிறார். தசைவலி ஆறும், புண்ணும் ஆறுமாம். வாங்கட்டுமா?

பில்லைப் பார்த்ததும் பர்ஸில் விழும் காயம் எப்போது ஆறும் என்று அவரிடமே கேட்டீர்களா? குளூட்டமைனை உடம்பில் அதிகம் தயாரிப்பதே தசைதான். திருநெல்வேலிக்கே அல்வா பார்சல் அனுப்புகிறார் உங்கள் மாஸ்டர். அல்வா யாருக்கு என்பது வேறு விஷயம்!

கடும் தீக்காயத்தில் குளூட்டமைனுக்குத் தட்டுப்பாடு வருவது நிஜம். அதனால் அப்படிப்பட்ட சுமார் 1,200 நோயாளிகளில் ஒரு பாதிக்குக் குளூட்டமைன், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாவு கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. குளூட்டமைன்காரர்கள் ஒரு நாள்கூட முன்னதாக வீடு திரும்பவில்லை. உங்களுக்கு வெறும் தசைவலிதானே? இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், எட்டு மணி நேரத் தூக்கம். இதற்கு மாஸ்டருக்குக் கமிஷன் வராது.