வளர்ற பிள்ளை: துணியளவின் காலக் கோட்பாடு பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வாரம் தமிழ்நாட்டின் எந்தப் பள்ளி வாசலில் நின்று பார்த்தாலும் ஒரே காட்சிதான். அரைக்கைச் சட்டையின் கை முழங்கையைத் தாண்டிக் கிடக்கும். தோள் தையல் தோளில் இல்லாமல் புஜத்துக்கு இறங்கியிருக்கும். அரைக்கால் சட்டை முக்கால் கால் சட்டையாகி, அதுவும் இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றின் தயவில் நிற்கும். அதே பிள்ளையைத் தை, மாசி வாக்கில் பார்த்தால் சட்டை அளவாக இருக்கும். பரீட்சை முடிகிற சித்திரையில் பித்தான்கள் இழுக்கத் தொடங்கியிருக்கும். ஆக, வருஷம் முழுக்கப் போடுகிற துணியும் அதைப் போடுகிற உடம்பும் ஒத்துப்போவது சில வாரங்கள் மட்டுமே. இதைச் சிக்கனம் என்று சொல்லி அறிஞர்கள் கடந்து போய்விட்டார்கள். அறிஞர்கள் என்று இங்கே குறிப்பது தையற்காரர்களையும் தாய்மார்களையும் ஜவுளிக்கடை விற்பனையாளர்களையும்; இத்துறையில் வேறு அறிஞர்கள் இல்லை. சிக்கனம் என்ற விளக்கம் போதாது என்பதும், துணியின் அளவைத் தீர்மானிப்பது போடுகிறவரின் உடம்பு அல்ல, வாங்குகிறவரின் நாட்காட்டி என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அந்த உடம்பு அந்தத் துணிக்குள் எவ்வளவு காலம் இருக்கும், அல்லது இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் நினைக்கிறாரோ அதற்கேற்பத் துணி அளவு எடுக்கிறது. பிள்ளையின் அளவு நாடாவில் தெரியும். பெற்றோரின் திட்டம் மடிப்பில்தான் தெரியும்.

முதலில் உடம்பின் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு பிள்ளையைத் தொடர்ந்து அளந்து குறித்து வைத்தவர்களில் முன்னோடி பிரான்சு நாட்டுப் பிரபு மோன்பெயார். 1759இல் பிறந்த தன் மகனை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை 1777 வரை அளந்தார். இயற்கை வரலாறு எழுதிய புஃபோன் அந்தக் கணக்கை வெளியிட்டார். பையன் எப்போது எவ்வளவு வளர்ந்தான் என்பது உலகுக்குத் தெரியும். அவனுக்குச் சட்டை எந்த அளவில் தைத்தார்கள் என்பதைப் பற்றி மட்டும் ஆய்வுலகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பின் வந்த அளவீடுகள் சொல்வது இது: ஐந்து வயதிலிருந்து பருவமடையும் வரை ஒரு பிள்ளை ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும், பருவ வயதின் உச்சத்தில் பெண் பிள்ளை ஆண்டுக்கு 8 சென்டிமீட்டரை ஒட்டியும் ஆண் பிள்ளை 9, 10 வரையும் போகலாம். அந்த வேகத்தில் கால்தான் முதலில் நீளும், முண்டம் பின்னால்தான் வரும். எட்டாம் வகுப்பில் பேன்ட் கரண்டைக்கு மேலே ஏறிப்போய், சட்டை மட்டும் இன்னும் லொடலொடவென்று இருப்பதன் காரணம் இதுவே. தையற்காரர் பேன்ட்டில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார் என்று எத்தனையோ வீடுகளில் எழுந்திருக்கும் குற்றச்சாட்டை உடலியல் தள்ளுபடி செய்கிறது.

இப்போது தையற்கடை. அளவெடுத்து முடித்ததும், நாடா கழுத்துக்குத் திரும்பும் முன்பே, அம்மா சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: “வளர்ற பிள்ளை, உள்ளே நாலு விரக்கடை துணி விட்டுத் தைங்க.” நாலு விரற்கடை என்பது விரலின் பருமனைப் பொறுத்து ஏழு, ஏழரைச் சென்டிமீட்டர் வரும். மேலே கண்ட ஆண்டு வளர்ச்சியில் காலுக்குச் சேர்வது பாதியும் சற்றுக் கூடவும் என்று வைத்தால் மூன்று சென்டிமீட்டர். ஏழரையை மூன்றால் வகுத்தால் இரண்டரை ஆண்டு. அதாவது அந்த அம்மா கேட்டது நாலு விரற்கடைத் துணியல்ல, இரண்டரை வருஷ ஓய்வு. இரண்டரை வருஷத்துக்கு இந்தக் கடைப்பக்கம் வர மாட்டேன் என்று அவர் எடுத்த முடிவு, ஒரு மடிப்பாகப் பேன்ட்டின் அடியில் தைக்கப்படுகிறது. வருமானத்தில் முடியாத நீண்டகாலத் திட்டத்தைத் துணியில் முடித்துவிடும் இந்தத் திறமைக்குப் பொருளியல் துறையில் இன்னும் இடம் கொடுக்கவில்லை.

சான்று போதாது என்பவர்கள் பழைய பட்டுப்பாவாடை ஒன்றைத் தேடி எடுத்துப் பார்க்கலாம். அடியில் வரிசையாக மடிப்பு பிடித்துத் தைத்து, தீபாவளிக்கொரு மடிப்பாகப் பிரித்துவிடுவது வழக்கம். பிரித்த இடத்தில் வெயிலும் சோப்பும் படாத துணி பளிச்சென்று ஒரு பட்டையாக வரும். பழைய தையல் ஓடிய தடம் புள்ளி வைத்த கோடாக நிற்கும். மரத்தை அறுத்து வளையங்களை எண்ணி வயது சொல்வதுபோலப் பாவாடையைத் தரையில் விரித்துப் பட்டைகளை எண்ணினால், அந்தப் பெண் எந்தெந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தாள், எந்த வருஷத்தோடு பாவாடையில் மிச்சம் தீர்ந்துபோய்த் தாவணிப் பேச்சு தொடங்கியது என்பதைச் சொல்லிவிடலாம். புதுக் கறுப்பு ஷூவின் முன்னால் திணிக்கப்படும் பஞ்சும் இதே வகைச் சான்றுதான். பஞ்சு குறையக் குறைய வகுப்பு ஏறுகிறது.

இதற்கு முதல் ஆட்சேபம், துணி சுருங்கும் என்பது. ஒரு காலத்தில் இது உண்மை. தறியில் இழுத்துப் பிடித்து நெய்த பருத்தித் துணி முதல் துவைப்பில் தன் இயல்புக்குத் திரும்பும். ஆனால், துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறைக்கு அமெரிக்கர் சான்ஃபோர்டு குளூயட் காப்புரிமை பெற்றே ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது. இன்றைய சீருடைத் துணியில் பாலியஸ்டர் கலப்பு வேறு. அது கிழியும், வெளுக்கும், வேர்க்கும், அதிகம் சுருங்குவதில்லை. துணி திருந்தி இத்தனை காலமாகியும் நாலு விரற்கடை குறையாமல் இருப்பதே, அது சுருக்கத்துக்காக விடப்பட்டதல்ல என்பதற்குச் சாட்சி.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: இது வறுமை, இதைப் போய்க் கோட்பாடாக்குவது கொழுப்பு. பதில் சொல்லியாக வேண்டும். வறுமைதான் காரணம் என்றால் வசதி ஏற ஏறத் துணி அளவுக்கு வந்திருக்க வேண்டும். கட்டணம் கூடிய தனியார் பள்ளிகளின் வாசலிலும் அதே தொங்கும் தோள்தான். அங்கே டையும் சேர்ந்து தொங்குகிறது. வறுமை வேறொன்றைச் செய்கிறது: நாட்காட்டியை நீட்டுகிறது. அண்ணனுக்குச் சின்னதாகிப் போனது தம்பிக்கு வரும்போது, வாங்கியவரின் கணக்கில் ஒரே சட்டைக்கு இரண்டு உடம்பு. அந்தத் தம்பிக்குப் பெரும்பாலும் துணி சரியாகவே இருக்கும். வெளுத்திருக்கும், ஆனால் சரியாக இருக்கும். புதுச் சட்டை போட்டவன் தொளதொளவென்றும் பழைய சட்டை போட்டவன் அளவாகவும் நிற்கும் வீடுகள் உண்டு. எந்தப் பிள்ளை அதிகம் அழும் என்பது தனி ஆய்வுக்குரியது.

மறுபக்கம், உடம்பு மிக வேகமாக வளரும் காலம் முதல் வருஷம். ஐம்பது சென்டிமீட்டரில் பிறக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் எழுபத்தைந்தைத் தொட்டுவிடும். வளர்ச்சிதான் காரணம் என்றால் கைக்குழந்தைக்குத்தானே ஆகப் பெரிய சட்டை தைத்திருக்க வேண்டும்? பாட்டிகள் அப்படிச் செய்யவில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்றான தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார்கள். எந்த நாட்காட்டியும் தாங்காத வேகம் என்று தெரிந்ததும், அளவு என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள். துறையின் தலைசிறந்த முடிவு இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அரசு வாங்கினால் என்ன ஆகும்? காமராசர் காலத்தில் கல்வித்துறைக்குத் தலைமை வகித்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர்மக்களிடம் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுக்கும் முயற்சியை முன்னெடுத்தார். பின்னர் அது அரசுத் திட்டமாகி, இன்று அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட். தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர். நம் கோட்பாட்டின்படி அரசின் நாட்காட்டி ஓராண்டு. அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஒதுக்கீடு. எனவே நாலு விரற்கடைக்கு அங்கே அவசியமில்லை. அப்படியிருந்தும் சட்டையைக் கொடுக்கும் நாளிலேயே அதைப் பிள்ளையின் முதுகில் வைத்துப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் பெருசு இல்லையா டீச்சர்?” என்று கேட்கும் அம்மாக்கள், இலவசத் துணிக்கும் தங்கள் நாட்காட்டியைத்தான் மாட்டுகிறார்கள். செலவு அரசுடையது, கணக்கு வீட்டுடையது. இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், கீழே தேவைப்படும்.

பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகிறது. இருபத்தொரு வயதில் உயரம் நின்றுவிட்ட பிறகும் நேர்முகத் தேர்வுக்கு வாங்கும் முழுக்கைச் சட்டை ஒரு அளவு கூடத்தான் இருக்கிறது. “இன்னும் சதை போடும்” என்று காரணம் மாறுகிறது; வளர்ச்சி செங்குத்திலிருந்து கிடைமட்டத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவே. பெற்றோரின் நாட்காட்டி நீண்டது என்று இதற்குள் தெளிவாகியிருக்கும். முதலாளியின் நாட்காட்டி அப்படியல்ல. அடுக்குமாடி வாசலில் காவலுக்கு நிற்கும் இளைஞரின் சட்டையைக் கிட்டே போய்ப் பாருங்கள். தோளில் நிறுவனப் பட்டை, மார்பில் விசில் கயிறு, காலரில் முன்பு போட்டிருந்தவரின் கழுத்து தேய்ந்த தடம். மூன்று மாதத்தில் போய்விடுவார் என்று எதிர்பார்க்கப்படும் ஆளுக்கு அளவெடுப்பது வீண் என்பது நிறுவனத்தின் கணக்கு. பிள்ளை போட்டிருந்தது இன்னும் வராத உடம்புக்குத் தைத்த துணி. காவலாளி போட்டிருப்பது போய்விட்ட உடம்புக்குத் தைத்த துணி. இத்தனைக்கும் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு 2006இல் வகுத்த மாதிரி விதிகள் இந்த விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. கைகால் அசைப்பதற்கும் மடக்குவதற்கும் இடைஞ்சலாக உடை மிக இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, மிகத் தளர்வாகவும் இருக்கக் கூடாது என்றன அவை. தில்லியில் உட்கார்ந்துகொண்டு ஒரு காவலாளியின் முழங்கையைப் பற்றி யோசித்தவர் யாரோ, அவர் வாழ்க. குனிந்து நிமிர்ந்து ஓட வேண்டிய தேவை காவலாளியைவிடப் பள்ளிப் பிள்ளைக்கு அதிகம் என்பது அவருக்குத் தோன்றியிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

சட்டத்தில் அளவுச் சட்டை தலைகாட்டிய இன்னோர் இடம் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 22ஆம் பிரிவு. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் அருகே போய்ப் பார்க்க வேண்டியிருந்தால், பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே, உடலோடு ஒட்டிய உடையில் போக வேண்டும் என்று எழுதிய சட்டம், அந்த உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதியது. காரணம் எளிது: தொங்கும் துணியைச் சுழலும் பல்சக்கரம் உடனே பிடித்துக்கொள்ளும். நாட்காட்டி இங்கே ஒரு விநாடி. வாங்குகிறவரின் காலம் ஒரு விநாடியாகக் குறுகும்போதுதான் துணி உடம்புக்கு முழுதும் பொருந்துகிறது.

ஜவுளிக்கடைகள் இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகத் தாண்டின. விற்பனைப் பெண்களுக்குச் சேலை. சேலைக்கு அளவு கிடையாது. நேற்று நின்றவர் போய் இன்று வேறொருவர் வந்தாலும் அதே ஐந்தரை மீட்டர் போதும். அளவு தேவைப்படும் ஒரே பகுதி ரவிக்கை. அந்தத் துணியைச் சேலையோடு கொடுத்துவிட்டுத் தையலை அவரவர் பொறுப்பில் விடும் வழக்கத்தைக் கவனித்தால், உடம்பு எங்கே தொடங்குகிறதோ அங்கே நிர்வாகம் முடிகிறது என்பது புலப்படும். அந்த ரவிக்கையைப் பிரித்துப் பார்த்தால் பக்கவாட்டில் மூன்று நாலு தையல் வரிசை ஓடும். ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம், கல்யாணம், பிள்ளைப்பேறு, அதற்குப் பிறகான வருஷங்கள் வரைக்கும் இடம் விட்டிருக்கும். தன் கைக்காசில் தைத்தவர் தன் ஆயுளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்.

ஆனால் பல இடங்களில் சீருடைக்கான பணத்தை முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்களே, அப்படியானால் வாங்குகிறவர் தொழிலாளிதானே, துணி ஏன் அவருக்குப் பொருந்தவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலே குறித்துக்கொண்ட இலவசச் சீருடை இங்கே கைகொடுக்கிறது. பணம் யாருடையது என்பதல்ல, அலமாரிக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுப்பவர் யார் என்பதே கேள்வி. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டவர் பணம் கொடுத்தார், வாங்கவில்லை. அவருக்குக் கிடைத்தது கடைசியாக மிஞ்சிய எக்ஸ்எல்.

கடைசி ஆட்சேபம் இளைஞர்களிடமிருந்தே வருகிறது. சொந்தச் சம்பளத்தில், தாமே கடைக்குப் போய், இரண்டு பேர் புகக்கூடிய ஓவர்சைஸ் டீசர்ட்டை வாங்குகிறார்களே! நாட்காட்டியும் அவர்களுடையது, உடம்பும் அவர்களுடையது, துணி மட்டும் ஏன் தொங்குகிறது? பன்னிரண்டு வருஷம் தொங்கியே பழகிவிட்டது என்று உளவியல் பேசலாம். அது சோம்பேறி விளக்கம். கடையில் அவர்கள் கேட்பதைக் காதில் வாங்கினால் போதும்: “அண்ணா, ஓவர்சைஸ்ல மீடியம் இருக்கா?” பெரிய அளவிலும் தனக்கான அளவு ஒன்று இருக்கிறது, இந்தத் தோள் இவ்வளவுதான் இறங்க வேண்டும், இன்றைக்கு, இந்த வாரம். மடித்துத் தைத்த மிச்சம் எதுவும் உள்ளே கிடையாது. இதே டீசர்ட்டைப் பார்த்து, “யாருடா சட்டை இது?” என்று அதட்டும் அப்பா, அவனை ஒன்றாம் வகுப்புக்கு மூன்றாம் வகுப்புச் சட்டையில் அனுப்பியவர்.

இனி வரும் ஆய்வாளர்களுக்கு ஒரு களம் பாக்கியிருக்கிறது: பள்ளி பெல்ட். கம்பெனி போட்டுத் தரும் ஓட்டைகளில் கடைசி ஓட்டைக்கு மாட்டியும் ஒன்றாம் வகுப்பு இடுப்பில் அது நிற்பதில்லை. அண்ணனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து, பெல்ட்டைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளையே இன்னொரு ஓட்டை குத்துகிறது. குடும்பத்தில் இன்றைய இடுப்புக்கு இன்றைக்கே அளவெடுக்கும் ஒரே ஆள் அதுதான். கம்பெனியின் கடைசி ஓட்டைக்கும் காம்பஸ் ஓட்டைக்கும் இடையிலான தூரம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒரு ஸ்கேலும் ஐம்பது பெல்ட்டுகளும் கிடைத்தால் ஒரு மதியத்தில் அளந்து முடித்துவிடலாம். காம்பஸ் ஓட்டை ஒன்றுக்கு மேல் இருந்தால் உள்பக்கம் உள்ளதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.